சைனஸுக்குப் போன பல்

என் அக்காவின் கணவர் பல் டாக்டர். பூந்தமல்லியில் டிரங்க் ரோட்டை ஒட்டிய ஒரு மாடியில் கிளினிக் வைத்திருக்கிறார். அக்கா முதலில் அங்கே டோக்கன் கொடுக்கும் வேலைக்குத்தான் போனாள். பிறகு அவரையே கட்டிக்கொண்டாள். எங்கள் தாத்தா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். அப்பா பாடியில் ஒரு ஃபேக்டரியில் மெஷின் ஓட்டியே உடம்பைக் கெடுத்துக்கொண்டு சீக்கிரம் போய்ச் சேர்ந்தார். அப்படிப்பட்ட வீட்டுக்கு டாக்டர் மாப்பிள்ளை வந்ததை அம்மாவால் இன்றுவரை நம்ப முடியவில்லை. அவர் சேக்காட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா நாற்காலியில் உட்காரமாட்டாள். நின்றுகொண்டே பேசுவாள்.

பல்லுக்குப் படித்தவர் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் டாக்டர் ஆனார். அம்மாவின் முட்டி வலி, பக்கத்து வீட்டுக்காரரின் சர்க்கரை, என் மூக்கு, எதைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்வார். எங்களிடம் காசு வாங்கமாட்டார். காசு வாங்காத டாக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்க வாய் வராது. அதை அவர் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்.

என் மூக்கின் கதை பழையது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் அட்டைப் பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். அட்டையை வெட்டும் இடத்தில் எப்போதும் மாவு மாதிரி தூசி பறந்துகொண்டிருக்கும். காலையில் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் தும்மல் ஆரம்பித்துவிடும். ஒன்று வந்தால் தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு வரும். மூக்கிலிருந்து தண்ணீர் தண்ணீராக ஒழுகும், கண் அரிக்கும், மேலண்ணத்தை நாக்கால் சொறிந்துகொண்டே இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் ஒன்றும் இருக்காது. திங்கட்கிழமை மறுபடியும் வந்துவிடும்.

மாமாவிடம் சொன்னேன். "அலர்ஜி பாப்பா. தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கோ" என்றார். எனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. அவருக்கு நான் பாப்பாதான். ஆனால் அவர் சொன்னது சரி. அது அலர்ஜியேதான். மாத்திரை போட்டால் அடங்கியது. அதிலிருந்து என் மூக்கில் எது வந்தாலும் அலர்ஜி என்று அவரும் முடிவு கட்டிவிட்டார், நானும் முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு வருடம் போகிப் புகையில் சளி பிடித்தது. ஊருக்கே பிடித்திருந்தது. சில நாளில் குறைந்து, சரியாகிவிட்டது என்று நினைத்து வேலைக்குக்கூடப் போய்விட்டேன். அப்புறம்தான் திரும்பி வந்தது, முதலில் வந்ததைவிட மோசமாக. இந்த முறை தும்மலே இல்லை. அரிப்பும் இல்லை. இடது பக்க மூக்கு சிமென்ட் வைத்துப் பூசியதுபோல் அடைத்துக்கொண்டது. சிந்தினால் கெட்டியாக, மஞ்சளாக வந்தது. தொண்டைக்குப் பின்னால் இறங்கியதில் எனக்கே குமட்டும் ஒரு நாற்றம். ஜுரம் அடித்தது. கீழே கிடக்கும் அட்டையை எடுக்கக் குனிந்தால் இடது கன்னத்துக்குள் யாரோ காற்றடித்து வீங்கவைப்பதுபோல் வலித்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படுத்துக் கிடந்தும் அது கொஞ்சமும் குறையவில்லை.

மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மூக்கு அடைச்சிருக்கு மாமா, ஜுரமும் இருக்கு."

"உனக்குத்தான் அலர்ஜி இருக்கே. மாத்திரையை ரெண்டு வேளையா போடு."

போட்டேன். தூக்கம் வந்தது, வேறொன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு மேல் வரிசையில் இடது பக்கம் கடைவாய்ப் பற்கள் வலிக்க ஆரம்பித்தன. சாப்பிடும்போது மட்டும் என்றில்லை, படியிறங்கினால்கூட ஒவ்வொரு படிக்கும் பல் அதிர்ந்தது. மறுபடியும் போன் போட்டேன்.

"அட, இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே? பல்லு அழுகியிருக்கு. அதான் ஜுரம், அதான் நாத்தம். கிளம்பி வா."

கிளினிக்கில் அன்றைக்குக் கூட்டம். அக்கா என்னைத் தங்கை என்பதால் வரிசையைத் தாண்டி உள்ளே அனுப்பினாள். அவர் கம்பியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார்.

"எது வலிக்குது?"

"எல்லாமே வலிக்குது மாமா. இந்தப் பக்கம் மொத்தமா."

"ஒண்ணைச் சொல்லு."

"ஒண்ணுன்னு சொல்லத் தெரியல. குனிஞ்சா கன்னம்தான் அதிகமா வலிக்குது. மூக்கும் அடைச்சே கிடக்கு. அதனால இருக்குமோ?"

அவர் கம்பியைத் தட்டில் வைத்துவிட்டு, வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சிரித்தார். "நீ டாக்டரா, நான் டாக்டரா?"

எக்ஸ்ரே எடுத்தார். வேரிடம் ஏதோ நிழல் தெரிகிறது என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் பயமாக இருந்தது. ஊசி போட்டு, முதல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். லேசில் வரவில்லை. அவருடைய முழங்கை என் தோளில் இடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் இடுக்கியில் அதைத் தூக்கித் தூரத்தில் காட்டி, "பார்த்தியா, எவ்ளோ அழுகல்" என்று சொல்லிவிட்டுக் குப்பைப் பக்கம் கொண்டுபோனார்.

நான் கையை நீட்டினேன். வாய் முழுக்கப் பஞ்சு, பேச முடியவில்லை. கையை மட்டும் நீட்டியபடி இருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு துண்டுத் துணியில் மடித்துக் கொடுத்தார். ஏன் கேட்டேன் என்று எனக்கு அப்போது தெரியாது. என் உடம்பிலிருந்து போகிற ஒன்றை ஒருமுறை கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து ரத்தத்தைக் கழுவிப் பார்த்தேன். பல் வெள்ளையாக, முழுசாக இருந்தது. ஒரு கரும்புள்ளி இல்லை. அழுகல் உள்ளே இருக்குமோ என்னவோ என்று நினைத்துக் காலி மாத்திரை டப்பா ஒன்றில் போட்டு வைத்தேன்.

மறுநாள் காலையில் அம்மா டீயை நன்றாக ஆற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தேன். குடித்த டீ இடது மூக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக என் நைட்டியில் விழுந்தது.

அம்மா பார்த்துவிட்டு அலறினாள். "இன்னாடி இது? வாயில குட்ச்சா மூக்குல வருது?"

தண்ணீரால் கொப்பளித்துப் பார்த்தேன். தண்ணீரும் மூக்கில் வந்தது. மஞ்சளாகக் கெட்டியாக ஒன்று பல் பிடுங்கிய குழியிலிருந்து வாய்க்குள் இறங்கியது. மாமாவைக் கூப்பிட்டேன். "சில பேருக்கு அப்படி ஆகும். தானா ஆறிடும். எல்லாத்துக்கும் பயப்படாதே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். குரலில் அவசரம் தெரிந்தது. அவருக்கு அந்த நிமிடமே விஷயம் புரிந்துவிட்டது என்றுதான் நான் இன்றுவரை நம்புகிறேன். புரியாமல் இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அம்மா என்னை ஆவடி மார்க்கெட் பக்கம் இருந்த காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்த டாக்டரம்மா குறைவாகப் பேசுகிறவர். கேள்விகள் மட்டும் கேட்டார். தண்ணியா ஒழுகுதா, கெட்டியா வருதா? அரிக்குதா, வலிக்குதா? ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா? வேலைக்குப் போகாத நாள்ல நிக்குதா? சளி குறைஞ்ச மாதிரி இருந்து திரும்ப அதிகமாச்சா? குனியச் சொல்லி, வலி எங்கே வருகிறது என்று விரலால் காட்டச் சொன்னார். மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். படம் எடுத்துவரச் சொன்னார்.

படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உனக்கு ரெண்டும் இருக்கும்மா. தும்மல், அரிப்பு, தண்ணி, அதெல்லாம் அலர்ஜி. தூசியை விட்டு விலகினா நிக்கும். அது யாருக்கும் ஒட்டாது, ஜுரமும் வராது. ஆனா அலர்ஜியில உள்ளே வீங்கி வீங்கி, சைனஸோட வாசல் அடைஞ்சுபோச்சு. உள்ள நின்ன சளியில இன்ஃபெக்‌ஷன் ஆகிடுச்சு. கன்னத்து சைனஸுக்குத் தரையே மேல் பல்லோட வேர்தான். அதான் பல்லு வலிச்சுது. பல்லை யாரு எடுத்தா?"

அம்மா தரையைப் பார்த்தாள். "எங்க மாப்பிள்ளைதான்" என்றாள்.

டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். பல்லை எடுத்தபோது சைனஸுக்கும் வாய்க்கும் நடுவில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார். மாத்திரையும் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயும் எழுதிக் கொடுத்தார். இன்ஃபெக்‌ஷன் அடங்கியதும் ஓட்டையைத் தைத்து மூட வேறொரு பல் டாக்டரிடம் அனுப்பினார். தைத்தவரிடம் டப்பாவை நீட்டினேன். அவர் பல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எந்தக் கோளாறும் இல்லையே. நல்ல பல்லு" என்றார். நான் அதைத் திரும்ப வாங்கி டப்பாவில் போட்டு மூடிக்கொண்டேன்.

தையல் ஆறும்வரை மூக்கைச் சிந்தக் கூடாது, வாயை மூடித் தும்மக் கூடாது என்றார்கள். அலர்ஜி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருக்க எனக்கு லீவு இல்லை. தூசிக்குள் நின்றுகொண்டு, தும்மல் வரும்போதெல்லாம் வாயை அகலத் திறந்து, ஆ என்று கத்தித் தும்ம வேண்டும். கட்டிங் மெஷின் ஓட்டுகிற பையன்கள் முதலில் சிரித்தார்கள். ஒருத்தன், "இன்னாக்கா, கச்சேரியா?" என்றான். நான் அழுததைப் பார்த்துவிட்டு அப்புறம் சும்மா இருந்தான். அந்த ஒவ்வொரு தும்மலிலும் மாமாவின் முகத்தைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அப்போதுகூட அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தப்பு நடந்துவிட்டது என்றுகூட வேண்டாம், எப்படி இருக்கு என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அக்காவின் மகனுக்குக் காது குத்தும் விழா பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பந்தியில் நான் வலது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தேன். தூரத்துச் சொந்தமான ஒரு பெரியம்மா, "ஏண்டி கோணிக்கினு துன்ற?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், பந்தி விசாரித்துக்கொண்டு வந்த மாமா முந்திக்கொண்டார்.

"பல்லு விளக்குனாத்தானே பெரியம்மா? டாக்டர் ஊட்டுலயே ஒருத்தி இப்படி. அழுகி நாறிப்போய் வந்தா. நான்தான் பிடுங்கி விட்டேன்."

வரிசையே சிரித்தது. அவர் எங்கள் பாஷையில் பேசியது அந்தச் சிரிப்புக்காகவே. மற்ற நேரத்தில் வீடு என்றுதான் சொல்வார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அப்பளத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். தையல் போட்ட நாளில் என்கூட வந்து உட்கார்ந்திருந்தவளே அவள்தான்.

இலையை மூடிவிட்டு எழுந்தேன். அம்மா வாசல்வரை பின்னாலேயே வந்து, "உட்டுடுடி, மாப்பிள்ளைய எதிர்த்துகினு இன்னா பண்ணப்போற?" என்றாள். என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் செய்வேன் என்று தெரிந்தது.

காத்திருந்தேன். கோபம் ஆறிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். வெறும் வாயில் நாக்கை அந்தக் குழிக்குள் விட்டுத் துழாவும் பழக்கம் எனக்கு வந்துவிட்டிருந்தது. நாக்கு போகும்போதெல்லாம் கோபமும் கூடவே போய்த் திரும்பியது.

மறு வருடம் அவர் ஆவடியில் இரண்டாவது கிளினிக் திறந்தார். ரோட்டில் ஃப்ளெக்ஸ், வாசலில் வாழை மரம், காலேஜில் அவருக்குப் பாடம் நடத்திய பழைய புரொஃபசர் ரிப்பன் வெட்ட வந்திருந்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், அந்தப் பெரியம்மா உட்பட. நான் அன்றைக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். நகைக்கடையில் மோதிரம் போட்டுத் தருகிற சிவப்பு டப்பா ஒன்று என்னிடம் இருந்தது. அதில் பஞ்சு வைத்து, அதன்மேல் பல்லை வைத்தேன். மூடிவிட்டுத் திறந்து பார்த்தேன். அழகாகவே இருந்தது.

எல்லோரும் பரிசு கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. டப்பாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"என்ன பாப்பா, மோதிரமா? உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?"

"திறந்து பாருங்க மாமா."

போட்டோகிராபரும், "ஓபன் பண்ணுங்க சார், அப்படியே எடுத்துர்றேன்" என்றார். திறந்தார். ஒரு நிமிடம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் மூடப் போனார். நான் மூடியைப் பிடித்துக்கொண்டேன். குரலை உயர்த்திப் பேசினேன். அதற்காகவே வீட்டில் பேசிப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

"மேல் வரிசை, இடது பக்கம். அழுகி நாறிப்போச்சுன்னு பந்தியில சொன்னீங்களே, அந்தப் பல்லு. அழுகல் எங்கன்னு நான் தேடிப் பார்த்துட்டேன், கிடைக்கல. உங்க சார் இருக்காரே, அவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க."

புரொஃபசர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு டப்பாவை வாங்கினார். பல்லை விரலில் எடுத்து வேர்ப்பக்கம், மேல்பக்கம் என்று நிதானமாகப் பார்த்தார். பிறகு தன் மாணவரைப் பார்த்து, வகுப்பில் கேட்பதுபோலக் கேட்டார்.

"சைனஸ் பார்த்தியாப்பா?"

மாமா வாயைத் திறந்தார். முகம் காதுமடல் வரைக்கும் சிவந்துபோனது. ஏதோ சொல்ல முயன்று, "சார், அந்தப் பொண்ணுக்கு அலர்ஜி ஹிஸ்டரி..." என்று இழுத்தார். "அலர்ஜி இருக்கிறவங்களுக்குத்தானே முதல்ல பார்க்கணும்?" என்று சொல்லிவிட்டுப் புரொஃபசர் பல்லைப் பஞ்சில் வைத்து என் கையில் கொடுத்தார். சாப்பிடாமலே கிளம்பிப் போனார். நான் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். இரண்டு ஜிலேபி தின்றேன். எல்லாவற்றையும் வலது பக்கமாக மென்றேன்.

வீட்டில் அம்மா என்மேல் கை ஓங்கினாள். "உங்கக்கா வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டியேடி பாவி" என்று அழுதாள். அம்மா பயந்த மாதிரி எதுவும் ஆகவில்லை. அக்காவும் மாமாவும் சேர்ந்தேதான் இருக்கிறார்கள். ஆனால் அக்கா வெகுகாலம் என்னிடம் பேசவில்லை. ஒருநாள் அவளே போன் செய்தாள்.

"நீ செஞ்சது தப்புன்னு சொல்லமாட்டேன். அவர் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனா அவர் பக்கத்துல நான் நின்னுகினு இருந்தேன்டி. போட்டோவுல நானும் இருக்கேன். என்னை ஒரு நிமிஷம் நினைச்சியா?"

"நீ அன்னிக்குப் பந்தியில அப்பளம் வெக்கப் போனியே, அப்போ என்னை நினைச்சியா?" என்று கேட்டேன். அவள் வைத்துவிட்டாள். இப்போது பேசிக்கொள்கிறோம். அம்மா உடம்பைப் பற்றி, அவள் மகன் படிப்பைப் பற்றி. பல்லைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை.

மாமா இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. விசேஷங்களில் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். பாப்பா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அதுவே எனக்குப் பெரிய திருப்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, எதிரில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பல்லு வலின்னு போனா, ஒடனே புடுங்கிட மாட்டாரும்மா அந்த டாக்டரு. குனிய சொன்னாரு. மூக்கு அடச்சிகீதா, சளி கெட்டியா வருதான்னு கேட்டாரு. இது பல்லே இல்ல, சைனஸு, மூக்கு டாக்டராண்ட போன்னு அனுப்ச்சாரு. தங்கமான மனுஷன்."

எந்தக் கிளினிக் என்று கேட்டேன். கேட்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. அவர் பெயர் எடுத்துக்கொண்டிருக்கிறார். என் வாயிலிருந்து பிடுங்கிய பாடத்தை வைத்து ஊரெல்லாம் நல்ல பெயர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

விடவில்லை. டீ மூக்கில் வந்ததிலிருந்து புரொஃபசர் கேட்ட கேள்விவரை எல்லாவற்றையும் அந்த அம்மாவிடம் சொன்னேன். பருத்திப்பட்டு தாண்டும்வரை சொன்னேன். வாயைத் திறந்து இடத்தையும் காட்டினேன். ஆட்டோக்காரர்கூட கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். அந்த அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு, "அட கடவுளே" என்றாள்.

"அதான் இப்போ கரீக்டா பாக்கறாரு போல" என்று சொல்லிவிட்டு, தன் நிறுத்தம் வந்ததும் இறங்கிப் போய்விட்டாள்.

காலியான இடத்தில் வேறொருவர் ஏறி உட்கார்ந்தார். ரோட்டுப் புழுதி உள்ளே வந்து எனக்குத் தும்மல் ஆரம்பித்தது. மூக்கில் தண்ணீராகத்தான் ஒழுகியது, கன்னத்தில் வலி இல்லை. வெறும் அலர்ஜிதான். துடைத்துக்கொண்டு, அந்தச் சிவப்பு டப்பாவை மறுபடியும் எடுத்துப்போக அடுத்த விசேஷம் யார் வீட்டில் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன்.